வேலை முடிந்தது, காசு வந்ததா? சிறு சேவைத் தொழிலுக்கு ஒரு வருமதிக் கணக்கு

பிரிட்ஜ், ஏசி திருத்துகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடை மட்டக்களப்பு கல்லடியில். தெற்கே களுவாஞ்சிகுடி, வடக்கே பாசிக்குடா, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை என்று அழைப்பு எங்கிருந்தும் வரும். மாதம் முழுக்க ஓடி ஓடி வேலை செய்கிறார். மாதக் கடைசியில் மின்சார பில் கட்டக் காசு தேடுகிறார். "வேலை நல்லா ஓடுது, காசு எங்க போகுதெண்டுதான் விளங்கல்ல" என்பார்.

எங்கும் போகவில்லை, இன்னும் வரவே இல்லை. ஒரு ரீச்சரிடம் எட்டாயிரம், ஒரு மரக்கறிக் கடையில் பதினாலாயிரம், ஒரு விருந்தினர் விடுதியில் இரண்டு மாத ஏசி சேர்விஸ் காசு என்று அது ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. செய்து முடித்த வேலைக்காக வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டியிருக்கும் இந்தத் தொகைக்குத்தான் கணக்கீட்டில் வருமதி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு 'கடன்பட்டோர்' என்ற தலைப்பு ஞாபகம் வரும். அந்தக் கடன்பட்டோர் வேறு யாருமல்ல, மேலே சொன்ன ரீச்சரும் மரக்கறிக் கடைக்காரரும்தான்.

தையல், கராஜ், கதிரை பந்தல் வாடகை, அச்சகம், வெல்டிங், ரியூசன் என்று உங்கள் தொழில் எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். நான் பிரிட்ஜ் திருத்துபவரையே கடைசி வரைக்கும் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் சிக்கல் நன்றாகத் தெரியும்.

முதலில் உதிரிப்பாகக் காசு

ஆரையம்பதியில் ஒரு ரீச்சர் வீட்டு பிரிட்ஜில் கொம்பிரசர் பழுது. கணக்கு விளங்குவதற்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம்: மொத்தம் 38,000 ரூபாய். அதில் கொம்பிரசர், காஸ், மற்ற சாமான் எல்லாம் 29,000. கூலி 9,000.

"ரீச்சர்தானே, தெரிஞ்ச ஆள்" என்று முற்பணம் எதுவும் வாங்காமல் வேலையை முடித்துவிட்டால், 38,000 ரூபாய் வருமதி. இதைப் பலர் "என்ட கூலி நிலுவையில கிடக்கு" என்றே நினைக்கிறார்கள். உண்மையில் 29,000 ரூபாயை உங்கள் பொக்கெற்றிலிருந்து எடுத்து உதிரிப்பாகக் கடைக்காரரிடம் கட்டிவிட்டு, வாடிக்கையாளருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறீர்கள். இதே மாதிரி மூன்று பிரிட்ஜ் செய்தால் 87,000 ரூபாய் வெளியே. நான்காவது ஆள் கைக்காசோடு வந்து நிற்கும்போது, அவருக்குக் கொம்பிரசர் வாங்க உங்களிடம் காசு இருக்காது. வேலை கூடக்கூடக் கை காய்வது இதனால்தான். வேலை இல்லாமல் நொடித்துப்போன கடைகளைவிட, வேலை நிறைய இருந்தும் இப்படி முடங்கிப்போன கடைகளே அதிகம் என்பது என் எண்ணம்.

ஆகவே ஒன்றை மட்டும் இறுக்கமாகப் பிடியுங்கள். சாமான் காசு எவ்வளவோ, குறைந்தது அவ்வளவாவது முற்பணம். கூலிக்குக் கடன் கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் மனம், வாடிக்கையாளரின் முகம், ஊர் உறவு எல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. சாமானுக்குக் கடன் கொடுக்காதீர்கள். சொந்தக்காரர் வந்தால்? "மாமா, கூலிய மறுகா பார்ப்பம், சாமான் வாங்கிறதுக்கு மட்டும் தாங்க" என்று சொன்னால் கோபிக்கும் மாமா குறைவு. கூலியே கேட்காமல் விட்டாலும்கூடச் சாமான் காசை மட்டும் கேட்டு வாங்கிவிடலாம்.

நம் உதாரணத்தில் ரீச்சர் 20,000 தந்தார் என்று வைப்போம். முழுச் சாமான் காசும் வரவில்லை, பரவாயில்லை. மிச்சம் 18,000. அதில் பாதி உங்கள் சாமான் காசு, பாதி உங்கள் கூலி.

ஒரு வேலைக்கு ஒரு வரி

எங்கள் கடைகளில் கடன் கொப்பி என்று ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு பக்கத்தின் தலையில் ஆளின் பெயர், கீழே தொகைகளின் வரிசை, சிலது வெட்டியிருக்கும், சிலதில் வட்டம் போட்டிருக்கும். எழுதியவருக்கே ஆறு மாதத்துக்குப் பிறகு அது விளங்காது. பலசரக்குக் கடைக்கு அந்த முறை ஓரளவு சரிவரும், அங்கே ஒவ்வொரு நாளும் சிறு சிறு தொகை. சேவைத் தொழிலில் ஒவ்வொரு வேலையும் தனி. ஒரே விடுதிக்காரர் போன மாதம் இரண்டு ஏசி கழுவினார், இந்த மாதம் ஒன்றுக்குக் காஸ் அடித்தார். அவர் 15,000 அனுப்பினால் அது எந்த வேலைக்கு? ஆளின் பெயரை வைத்து எழுதினால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. வேலையை வைத்து எழுத வேண்டும்.

அதற்கு வேண்டியது இரண்டு சாமான். ஒன்று, இலக்கம் அச்சடித்த பில் புத்தகம், கார்பன் வைத்துப் பிரதி எடுக்கும் வகை. எந்த அச்சகத்திலும் கடைப் பெயரோடு அடித்துத் தருவார்கள். மற்றது, ஒரு தடித்த சீஆர் கொப்பி. பில்லின் மூலப்பிரதி வாடிக்கையாளருக்கு, கார்பன் பிரதி புத்தகத்திலேயே. பிழையாக எழுதிய பில்லைக் கிழித்து எறியாதீர்கள். இரண்டு பிரதியிலும் 'ரத்து' என்று எழுதி அங்கேயே விடுங்கள். இலக்கம் தொடர்ச்சியாக இருந்தால்தான் எழுதாமல் விட்ட பில் கண்ணில் படும், கையாள் வெளியே போய் வாங்கிய காசும் தப்பாது.

பில்லை வேலை முடிந்த அன்றே எழுதுங்கள், முடிந்தால் அந்த வீட்டு வாசலிலேயே. நான் பார்த்த அளவில், வராமல் போன காசில் கணிசமான பகுதி வாடிக்கையாளர் ஏமாற்றியதால் போனதல்ல. பில்லே கொடுக்காததால், எவ்வளவு என்று அவருக்கே தெரியாமல், கேட்க இவருக்கும் கூச்சமாகி, அப்படியே அமுங்கிப் போனது.

அந்த பில்லை அன்றிரவு சீஆர் கொப்பியில் ஒரு வரியாகப் பதியுங்கள். ரீச்சர் வீட்டு வேலை இப்படி இருக்கும்:

பில் இல. 41 / 3 மார்ச் / ஆரையம்பதி ரீச்சர் / பிரிட்ஜ் கொம்பிரசர் / 38,000 / தவணை 25 மார்ச்
— 3 மார்ச், கைக்காசு, முற்பணம் 20,000 / மிச்சம் 18,000
— 25 மார்ச், வங்கி, 10,000 / மிச்சம் 8,000

ஒவ்வொரு பில்லுக்குக் கீழும் மூன்று நான்கு வரி வெறுமையாக விடுங்கள், காசு துண்டு துண்டாக வரும். மிச்சம் பூச்சியமானதும் பக்கத்தில் பெரிதாக ஒரு சரி அடையாளம். கொப்பியைப் புரட்டும்போது சரி போடாத பில்கள் மட்டும் கண்ணில் குத்த வேண்டும், அதுதான் உங்கள் வருமதிப் பட்டியல்.

போனில் கூகிள் ஷீட் அல்லது எக்செல் தெரிந்தவர்கள் அதிலேயே செய்யலாம், கூட்டல் வேலை மிச்சம். தெரியாதவர்கள் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், கொப்பி போதும். ஆனால் எழுதிய பக்கத்தை இரவில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து போகும் ஊர்களில் இருக்கிறோம், நனைந்த கொப்பியை யாராலும் வாசிக்க முடியாது.

வந்த காசை எந்த பில்லில் போடுவது?

கையில் வந்தால் பிரச்சினை இல்லை, ஆள் முன்னால் நிற்கிறார். பற்றுச்சீட்டு ஒன்றை எழுதிக் கொடுத்து, அதில் பில் இலக்கத்தையும் போட்டுவிடுங்கள். இப்போது சிக்கல் வங்கியில். வங்கிக்கு வங்கி உடனே காசு மாற்றும் வசதி 2015இல் வந்தது. போன் செயலிகள் பரவிய பிறகு, கல்முனையில் இருப்பவர் ஏறாவூரில் இருப்பவருக்கு இராத்திரி பத்து மணிக்கும் காசு போடுகிறார். நல்லதுதான். ஆனால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸில் பல நேரம் தொகை மட்டும் இருக்கும், யார் என்று இருக்காது. பெயர் வந்தாலும் அது மனைவியின் பெயர், மகனின் பெயர், சில வேளை கடைப் பெயர்.

இதற்கு மருந்து பில்லிலேயே இருக்கிறது. வங்கிக் கணக்கு இலக்கத்தை அச்சடிக்கும்போது அதன் கீழேயே 'காசு போடும்போது குறிப்பில் பில் இலக்கத்தை எழுதவும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எல்லாரும் செய்யமாட்டார்கள். செய்பவர்கள் உங்கள் தலைவலியில் பாதியைக் குறைப்பார்கள். மற்றவர்களிடம் காசு போட்ட ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் ஸ்லிப் படம் வந்தவுடன் 'மிச்சம் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் பதிவு. படம் என்பது வெறும் படம், அதில் திகதியை மாற்றுவது இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

யாருடையது என்று தெரியாத காசு வந்தால் அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'ஆள் தெரியாத வரவு' என்று திகதியோடு எழுதி வையுங்கள். ஊகித்து யாருடைய பில்லிலாவது போட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. ஒருவருடைய காசு இன்னொருவர் பில்லில் ஏறினால், கொடுத்தவரிடம் போய் மறுபடி கேட்பீர்கள், கொடுக்காதவரைக் கேட்காமல் விடுவீர்கள்.

காசோலை வேறு கதை. கையில் செக் வந்த நாள் காசு வந்த நாள் அல்ல. பின்திகதி போட்டுத் தருவது நம் பக்கம் சகஜம். அதை வரியில் 'செக், ஏப்ரல் 10' என்று பென்சிலால் குறித்து வைத்து, வங்கியில் பாஸ் ஆனதும் பேனாவால் எழுதுங்கள். செக்கை மேசைப் பெட்டிக்குள் போட்டு மறந்துவிடவும் கூடாது, எழுதிய திகதியிலிருந்து ஆறு மாதம் கடந்தால் வங்கி பொதுவாக எடுக்காது.

யார் பிந்திவிட்டார், யார் பிந்தவில்லை

கணக்கீட்டுப் புத்தகங்களில் வருமதியை வயதுப்படி பிரிப்பார்கள்: முப்பது நாள் வரை, அறுபது நாள் வரை, தொண்ணூறுக்கு மேல். பழையதாக ஆக ஆக வரும் வாய்ப்புக் குறையும் என்பது அதன் தத்துவம். அது உண்மைதான். ஆனால் பில் எழுதிய நாளிலிருந்து எண்ணினால், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்தக் கணக்கு உங்களை ஏமாற்றும்.

காரணம், இங்கே எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காசு புழங்குவதில்லை. அரச உத்தியோகத்தருக்கு மாதத்தின் 25ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம். படுவான்கரையிலோ சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ வயல் செய்பவருக்கு, பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகு, மாசி பங்குனியில்தான் கை நிறையும். அடுத்தது சிறுபோகம் வெட்டும் ஆவணி, புரட்டாசி. பாசிக்குடா, அறுகம்குடா விடுதிகளுக்கு நம் கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் புரட்டாசி வரையிலான மாதங்கள்தான் உழைப்புக் காலம், அதன் பிறகு மழை.

இப்போது பாருங்கள். மார்கழியில் ஒரு விவசாயி வீட்டு பிரிட்ஜைத் திருத்திவிட்டு, "வெட்டு முடிய தாறன் தம்பி" என்ற சொல்லை ஏற்றுக்கொண்டீர்கள். தை கடைசியில் அந்த பில்லுக்கு நாற்பத்தைந்து நாள் வயது, ஆனால் அவர் பிந்தவில்லை. ஒரு ரீச்சரின் பில்லுக்கும் அதே நாற்பத்தைந்து நாள் வயது என்றால், ஒரு சம்பள நாள் நிச்சயமாகத் தாண்டிவிட்டது, அவரிடம் கேட்க வேண்டும். இதற்காகத்தான் மேலே உள்ள வரியில் 'தவணை' என்று ஒரு திகதி போட்டேன். பில் எழுதும்போதே "எப்ப தருவீங்க?" என்று கேட்டு, அவர் வாயால் வந்த திகதியைப் பில்லிலும் கொப்பியிலும் எழுதுங்கள். 'மறுகா' என்பது திகதியல்ல. "மறுகா எண்டா சம்பளத்துக்கா, அறுவடைக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள், பதில் வரும். வயதை அந்தத் தவணையிலிருந்து எண்ணுங்கள்.

விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறுவடைக் காசுக்கு நீங்கள் மட்டும் காத்திருக்கவில்லை. பசளைக் கடைக்காரர், உழவு இயந்திரக்காரர், வெட்டு மெசின்காரர், லீசிங் கம்பனி என்று ஒரு கூட்டமே நிற்கிறது. நெல் ஏற்றிய லொறி போன அதே வாரத்தில் ஒரு கோல் எடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் பொறுத்தால் அந்தக் காசு அடுத்த செலவுக்குப் போயிருக்கும். வெள்ளத்தில் பயிர் போன வருடமென்றால் கேட்டுப் பயனில்லை. அடுத்த போகத்துக்கு என்று புதுத் தவணையை இருவரும் பேசி எழுதிக்கொள்வது நல்லது.

மாதக் கடைசியில் ஒரு சரிபார்ப்பு

இதைப் பலர் செய்வதில்லை. அரை மணி நேர வேலைதான். சூத்திரம் ஒன்றே ஒன்று: மாதத் தொடக்கத்தில் இருந்த வருமதி, அதோடு இந்த மாதம் எழுதிய பில்களின் மொத்தம், அதிலிருந்து இந்த மாதம் பில்களுக்காக வந்த காசைக் கழிக்க வருவது மாதக் கடைசி வருமதி. வேலை முடியாமல், பில் எழுதாமல் இருக்கும் வேலைக்கு வாங்கிய முற்பணத்தை இதில் சேர்க்காதீர்கள். அது இன்னும் உங்கள் காசு இல்லை, பில் எழுதும் நாளில் இங்கே வரும்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் 64,000. எழுதிய பில்கள் 212,000. வந்தது 187,000. அப்படியென்றால் கடைசியில் 89,000 இருக்க வேண்டும். இப்போது கொப்பியில் சரி போடாத பில்களின் மிச்சத்தையெல்லாம் கூட்டுகிறீர்கள். 97,000 வருகிறது. எட்டாயிரம் கூட.

எட்டாயிரம் என்றதும் ரீச்சர் ஞாபகம் வருகிறதல்லவா? வங்கிக் கணக்கைப் பார்த்தால் 28ஆம் திகதி 8,000 விழுந்திருக்கிறது, குறிப்பு எதுவும் இல்லை, அனுப்பியவர் பெயர் ஓர் ஆணுடையது. விசாரித்தால் ரீச்சரின் கணவர். மொத்த வரவில் அந்தத் தொகை சேர்ந்துவிட்டது, 41ஆம் இலக்க பில்லில் ஏறவில்லை. இந்தச் சரிபார்ப்பு இல்லாமல் அடுத்த நாள் ரீச்சருக்குக் காசு கேட்டு மெசேஜ் போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காசைவிட அந்த வீட்டு வாடிக்கை பெரிது. ஆகவே முதலில் சரிபார்ப்பு, அப்புறம்தான் கேட்பது.

கேட்பது எப்படி

கூச்சப்பட ஒன்றுமில்லை, ஆனால் கேட்கும் விதம் முக்கியம். நாலு பேர் நிற்கும் சந்தியில் கேட்காதீர்கள், கோயில் வாசலிலும் பள்ளிவாசல் வாசலிலும் கேட்காதீர்கள். தவணைக்கு இரண்டு நாள் முன்பே ஒரு மெசேஜ் போய்விட்டால், பிந்திய பிறகு கேட்கும் சங்கடம் பெரும்பாலும் வராது. அந்த மெசேஜில் பில் இலக்கம், என்ன வேலை, எவ்வளவு மிச்சம், அவர் சொன்ன திகதி நான்கும் இருக்க வேண்டும். காத்தான்குடியில் ஒரு கடைக்காரருக்கு என்றால் இப்படி:

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. கடை ஃப்ரீசருக்குக் காஸ் அடிச்ச பில் இல. 52, மிச்சம் 14,500. வார வெள்ளிக்கிழமை தாறதெண்டு சொன்னீங்க. எக்கவுண்டுக்குப் போடுறதெண்டா பில் இலக்கத்தையும் எழுதிவிடுங்க. ஃப்ரீசர் இப்ப சரியா வேலை செய்யுதா?"

கடைசிக் கேள்வி சும்மா மரியாதைக்கு அல்ல. வேலையில் குறை இருந்தால் காசு பிந்தும். பலர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், காசைத் தராமல் இருந்துவிடுவார்கள். குறையைச் சரிசெய்தால் காசு தானாக வரும்.

பிந்தினால் வட்டி போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் பக்கம் அது சரிவராது. முஸ்லிம் வாடிக்கையாளருக்கு அது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது, மற்றவர்களுக்கும் சின்னக் கடைக்காரர் வட்டி கேட்டால் முகம் சுருங்கும். வேலை முடிந்த அன்றே முழுதாகக் கொடுப்பவருக்கு ஒரு சிறு கழிவு கொடுங்கள், அதனால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

அலுவலகங்கள், பாடசாலைகள் பற்றிச் சுருக்கமாக: அவர்களுக்கு முதலில் கொட்டேசன், பிறகு பில், பிறகு கோப்பு மேசை மேசையாக நகரும், கடைசியில் செக். உங்கள் வியாபாரப் பெயரில் செக் எழுதுவார்கள். அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் மாற்ற முடியாது, கணக்குத் திறக்கப் பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அரசின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது, வருடக் கடைசி வேலையின் பில்லைத் தை வரைக்கும் வைத்திருக்காதீர்கள்.

வராத காசு

இலங்கையில் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எந்தக் கடனுக்கு எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. செய்த வேலைக்கான கூலி, கடை பில், கொப்பிக் கடன் ஆகியவற்றுக்கு அது தரும் காலம், காசு தர வேண்டிய நாளிலிருந்து ஒரே ஒரு வருடம். "எப்படியும் ஒருநாள் தருவார்" என்று மூன்று வருடம் பொறுத்துவிட்டு நீதிமன்றம் போனால் கதவு மூடியிருக்கும். எழுத்தில் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம். ஒரு பகுதிக் காசு வாங்கினாலோ, "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று அவர் எழுதிக் கையொப்பம் வைத்தாலோ காலம் மறுபடி தொடங்கும், வாய் வார்த்தைக்கு அந்தப் பலம் இல்லை. ஆகவே பெரிய தொகை இழுபட்டால் ஆயிரம் ரூபாயாவது வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள், மிச்சத்துக்கு ஒரு தாளில் கையொப்பம் கேளுங்கள்.

வழக்குக்கு முன்னால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது. சிறு தொகைப் பிணக்குகள் முதலில் அங்கேதான் போக வேண்டும், சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை. இலக்கமிட்ட பில், கையொப்பம், வரவு எழுதிய கொப்பி மூன்றும் கையில் இருப்பவரின் பேச்சு அங்கே எடுபடும்.

அதற்கும் வராவிட்டால் விட்டுவிடலாம். கணக்கீட்டில் அறவிட முடியாக் கடன் என்பார்கள். அந்த வரியைக் கிறுக்கி அழிக்காமல், மிச்சத்துக்கு எதிரே 'கைவிட்டது' என்று திகதியோடு எழுதுங்கள், வருமதிக் கூட்டலிலிருந்து அது வெளியே போகட்டும். சில காலம் கழித்து அதே ஆள் பழுதான ஏசியோடு கடை வாசலுக்கு வருவார். அப்போது கொப்பியை எடுத்து அந்த வரியைக் காட்டுங்கள். பழைய மிச்சம் முதலில், பிறகு புது வேலையின் முழுக் காசு, அதன் பிறகு கருவிப்பெட்டியைத் திறக்கலாம்.